ஒரு பீடம், ஒரு பெயர், இரண்டு பேர்

ஒரே பெயரில் இரண்டு சரித்திர புருஷர்களைப் பெறும் பாக்கியம் எல்லா ஊருக்கும் கிட்டிவிடாது. அந்த ஊருக்குக் கிட்டியிருந்தது. ஒருவர் தளபதி, படையோடு வந்து ஊரைக் கொளுத்தினார். மற்றவர் மருத்துவச்சி, மறுநாள் முதல் வீடு வீடாகப் போய், வெந்த புண்களுக்கு மருந்து போட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் பெயர். அந்தப் பெயருக்குச் சிலை வைக்க ஏகமனதாகத் தீர்மானித்த நகராட்சி, இருவரில் யாருக்கு என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்தவில்லை.

மருத்துவச்சிக்குத்தான் என்று சிற்பி தானாகவே முடிவு செய்துகொண்டாள். கொளுத்தியவனுக்கு யாராவது சிலை வைப்பார்களா? உலகம் தெரியாதவள். மருத்துவச்சிக்குப் படம் எதுவும் கிடைக்காததால், இறந்துபோன தன் அம்மாவின் முகத்தைக் கருங்கல்லில் கொண்டுவந்தாள். அம்மாவுக்கும் போட்டோ கிடையாது. எல்லாம் ஞாபகத்திலிருந்துதான்.

சிலைக் குழு பட்டறைக்கு வந்தது. தலைவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றார்.

"எல்லாம் பிரமாதம்மா. மீசைதான் விட்டுப்போச்சு."

"இவங்க மருத்துவச்சி சார்."

"நாங்க தளபதி பேரைத்தானே சொன்னோம்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு சார்."

"அப்போ உங்க மேல தப்பில்ல" என்று தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

"ஊரைக் கொளுத்தினவருக்கு எதுக்கு சார் சிலை?"

"கொளுத்தினார்னு ஏன் பாக்குறீங்க?" என்றார் நகராட்சி என்ஜினீயர். "இவ்வளவு அகலமான ரோடு வேற எந்த ஊர்ல இருக்கு? வீடுங்க இருந்திருந்தா போட்டிருக்க முடியுமா?"

வரலாற்றுப் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "தளபதிக்குப் படம் இருக்கு. குதிரை மேல உக்காந்து, காசு கொடுத்து வரைய வெச்சிருக்கார். அந்தம்மாவுக்கு ஒரு படமும் இல்ல. அப்படி ஒருத்தங்க இருந்தாங்களான்னே எனக்கு ஒரு 'அறிவியல்பூர்வமான' சந்தேகம்."

"மேலுதட்டைக் கொஞ்சம் குடைஞ்சா மீசை வந்துடும்ல?" என்றார் தலைவர்.

"அது எங்கம்மா முகம் சார்."

தலைவர் சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"உங்க உணர்வை மதிக்கிறோம்மா. அதனாலதான் கண்ணுல கை வைக்கச் சொல்லல."

சிற்பி கணவனைப் பார்த்தாள். மூலையில் கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "முடியாதுன்னு சொல்லிடும்மா. மிச்சத்தை நாம பாத்துக்கலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டாள். கலைஞரின் சுதந்திரத்தில் தலையிடுவதில்லை என்பது குழுவின் கொள்கை. எனவே உளி அவள் கையிலேயே இருந்தது. சிலையை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திறப்பு விழாவில் திரை விலகியது. அம்மாவின் மூக்குக்குக் கீழே ஒரு பித்தளை மீசை, இரண்டு ஸ்க்ரூ போட்டு, பளபளவென்று. சிற்பி கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பீடத்தில் பொன் எழுத்தில் பொறித்திருந்தார்கள்: 'வீடு வீடாகச் சென்று ஊராரின் புண்களை ஆற்றியவர்.'

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடையருகே போனாள். "சார், இது மருத்துவச்சி செஞ்சது! மீசையை எடுங்க சார்!"

தலைவர் குனிந்து, ஒரு தகப்பனின் கனிவோடு கேட்டார். "தளபதி செஞ்சதை எழுத முடியுமாம்மா?"

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. இப்படியாக, உழைத்தவள் ஒருத்தி இருந்ததால், கொளுத்தியவனுக்கு நல்ல பேர் கிடைத்தது.