யூரியா பேக்கில் ஒரு பேரரசு

என்னை ஆபத்தானவன் என்று இந்த உலகம் ஒரே ஒரு நாள்தான் நம்பியது. அதுவும் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும்தான்.

மற்ற நாட்களில் என்னைப் பற்றித் தோட்டத்தில் வேறு அபிப்பிராயம். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் (இரண்டு தரப்பிலும் யாரும் அழவில்லை). பிறகு கண்டியில் பேக்கரி, நீர்கொழும்பில் கருவாட்டுக் கடை, கொழும்பில் கம்பியூட்டர் திருத்தும் கடை என்று சுற்றினேன். எந்த இடத்திலும் வேர் பிடிக்கவில்லை. கம்பியூட்டர் கடையில் மட்டும் கொஞ்சம் அதிக காலம் நின்றேன். காரணம் சம்பளம் இல்லை. முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் நான் ராஜாவாக இருந்தேன்.

அது ஒரு வியூக விளையாட்டு. ஒரு சின்னக் கிராமத்தைக் கையில் தருவார்கள். மரம் வெட்டி, வயல் போட்டு, படை திரட்டி, பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தேறாத நான் அதில் நாலு மாகாணத்துக்கு வரி போட்டேன். தோட்டத்தில் விடியக்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி என் குடிமக்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பேன். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவனை விறகு வெட்ட அனுப்புவேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு வேறு அரசாங்கம் தெரியாது.

பிறகு யுத்தம் முற்றி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ப் பையன்களைப் பொலிஸார் சந்தேகத்தில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். கழித்துப் போட்ட பாகங்களைச் சேர்த்து நானே பூட்டிய ஒரு கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு நான் மலைக்கு வந்துவிட்டேன். மேல் லயத்து மாரியாயி அக்காவின் மகனுக்கு அப்படி வர முடியவில்லை. அவனைக் கூட்டிப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்த மனுஷி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, கொழும்புச் சிறையில் அவனைப் பார்க்கப் போய்வந்துகொண்டிருந்தார். இதைச் சொல்லாவிட்டால் நான் சொல்லப்போவது வெறும் பகிடியாகிவிடும்.

இந்த நேரத்தில்தான் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதுவரை நான் விளையாடியதெல்லாம் கொழும்பு நடைபாதையில் விற்ற கொப்பி சிடிகள். இந்த ஒன்றையாவது அசல் பெட்டியில் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. என் அக்கா அப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். லீவில் வரும்முன் எல்லாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டாள். அம்மா கம்பளி கேட்டார். சித்தி சென்ட் போத்தல் கேட்டார். நான் கேம் கேட்டேன்.

"அது என்னாடா, சாப்புடுற சாமானா?" என்று போனில் கேட்டாள்.

"இல்லக்கா, யுத்தம் பண்றது."

"இங்க இருக்கிற யுத்தம் போதாதா ஒனக்கு?" என்றாள். ஆனால் வாங்கி வந்தாள். பெட்டியின் முன்பக்கம் தாடி வைத்த ஒரு ராஜா, அவருக்குப் பின்னால் எரிகிற கோட்டை. பின்பக்கம் சிவப்பு அம்புக்குறிகள் போட்ட ஒரு வரைபடம். மூலையில் அரபியில் விலைச்சீட்டு. மூன்று நாள் அதைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் சிடியைப் போட்டேன். பாதி ஏறியதும் ஒரு ஜன்னல் திறந்தது. இன்டர்நெட்டில் இணை, கணக்குத் திற, மிச்சத்தை இறக்கிக்கொள், பிறகு விளையாடு என்றது. எங்கள் லயத்தில் தண்ணீர்க் குழாயே பொதுவில் ஒன்றுதான். நடைபாதைக் கொப்பி சிடி எந்தக் காலத்திலும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக ஒரு விளையாட்டை வாங்கினேன், அது என்னைக் கள்ளன் மாதிரி விசாரித்தது.

ஹட்டன் டவுனில் போனும் இன்டர்நெட்டும் வைத்துக் கொமியூனிகேஷன் கடை நடத்திய ரவி அண்ணனிடம் போய்க் கேட்டேன். "மெசினத் தூக்கிட்டு வாங்க தம்பி, நம்ம லைன்ல மாட்டி எடுத்துக்கலாம்" என்றார்.

இங்கேதான் நான் மலைநாட்டானாக யோசித்தேன். அன்று நல்ல மழை. கம்பியூட்டரும் கேம் பெட்டியும் நனையக்கூடாது. தோட்டத்தில் எதையாவது நனையாமல் கொண்டுபோக வேண்டுமென்றால் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியால் இரண்டையும் சுற்றி, ஒரு யூரியா பேக்கில் இறக்கி, வாயைக் கயிற்றால் கட்டினேன். எங்கள் வீட்டில் ஜன்னல் மறைப்பு, கால்மிதி, பள்ளிக்கூடப் பை எல்லாமே உர பேக்தான். அன்று பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேரிடம் உர பேக் இருந்தது. ஒன்றில் மரக்கறிக் கோவா, ஒன்றில் விறகு, ஒன்றில் தலையை மட்டும் நீட்டிய ஒரு சேவல். வயர் நீட்டிக்கொண்டிருந்தது என்னுடையதில் மட்டும்தான்.

டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தோம். ஒரு கொன்ஸ்தாபல் என் பேக்கைத் தொட்டான். வயரைப் பார்த்தான். பேக்கில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்தான். பேக்கின் மூலையில் ஒட்டியிருந்த வெள்ளை உர மணிகளையும் பார்த்தான் (அந்தக் காலத்தில் குண்டுக்கும் யூரியாதான்). பிறகு என்னைப் பார்க்காமலே பின்னால் நாலு எட்டு வைத்தான்.

அடுத்த நிமிஷம் ரோட்டில் என்னையும் பேக்கையும் தவிர யாருமில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சேவல்காரக் கிழவி அங்கிருந்தபடியே கத்தினாள்: "அட பாவி மவனே, வயரையும் யூரியாவையும் ஒண்ணா கட்டிக்கிட்டு வந்தா எவன்டா நம்புவான்!"

பேக்கைத் தூரத்திலிருந்து ஒரு கம்பால் அவிழ்த்துப் பார்த்து, கம்பியூட்டர்தான் என்று தெரிந்ததும் சார்ஜன் வந்தார். நடுவயசுக்காரர், அவசரப்படாத ஆள். (பேச்செல்லாம் சிங்களத்தில். எனக்குக் கொழும்பு தந்த ஒரே படிப்பு அது.)

"எதுக்கு மல்லி இதைக் கொண்டு போற?" என்றார், தம்பி என்கிற அர்த்தத்தில்.

"கேம் ஒண்ணு போடணும், சேர்."

"என்ன கேம்?"

இந்த இடத்தில் 'சும்மா விளையாட்டு' என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதுவரைக்கும் என் வாழ்க்கையில் யாரும் அந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. ஆகவே ஆசையாக விளக்கினேன்.

"முதல்ல எதிரிக்குச் சாமான் வர்ற ரோட்டை அடைக்கணும், சேர். அப்புறம் பாலத்தை உடைக்கணும். அப்புறம் ராவோட ராவா தானியக் களஞ்சியத்தை எரிச்சா, மூணே நாள்ல தலைநகரம் நம்ம கையில."

சார்ஜன் பேனாவை மூடினார். பெட்டியைத் திருப்பி அந்தச் சிவப்பு அம்புக்குறிகளையும் பார்த்தார். விலைச்சீட்டைப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

"அரபி, சேர்."

என்னைப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். யாரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. உட்காரச் சொன்னார்கள். எனக்கு மாரியாயி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவில் ஓடின. இங்கிருந்து நான் கொழும்புக்கு அனுப்பப்பட்டால், அம்மாவும் அந்த பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

"சரி, கேமுன்னு சொல்ற இல்ல, போட்டுக் காட்டு" என்றார் சார்ஜன். அங்கிருந்த ஒரு திரையில் மாட்டினார்கள். கம்பியூட்டர் உயிர்பெற்றது. நான் சிடியைப் போட்டு அழுத்தினேன். அதே ஜன்னல் வந்தது.

"எங்க கேம்?"

"இன்டர்நெட்ல இருக்கு, சேர்."

"அப்போ கையில வச்சிருக்கிறது?"

"இதுவும் கேம்தான். பாதி இதுல, பாதி அங்க."

"அங்கன்னா?"

"அமெரிக்காவுல, சேர்."

"உனக்கு அமெரிக்காவுல யாரு இருக்கா?"

"யாருமில்லை, சேர். கம்பெனி."

"காசு வாங்கிக்கிட்டு, பாதியை அமெரிக்காவிலேயே வச்சுக்கிட்டானா?" சார்ஜன் கொன்ஸ்தாபலைப் பார்த்தார். "இதைவிட நல்ல பொய் சொல்லலாமே."

பொய் என்றால் நான் நன்றாகத்தான் சொல்லியிருப்பேன். உண்மை அவ்வளவு கேவலமாக இருந்தது.

கடைசியில், அதையும் பார்த்துவிடலாம் என்று டவுனுக்குப் புறப்பட்டோம். முன்னால் சார்ஜன், பின்னால் கம்பியூட்டரைத் தூக்கிய கொன்ஸ்தாபல், நடுவில் நான். ஹட்டன் டவுன் முழுவதும் வழிவிட்டு நின்றது. ரவி அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சேர்" என்று சார்ஜனிடம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "தம்பி யாரு?" என்றார். மெசினைத் தூக்கிவரச் சொன்ன அதே வாய்.

லைன் மாட்டினோம். கணக்குத் திறக்கக் கேட்டது. ரகசியச் சொல் கேட்டது. பழக்கத்தில் ஒரு கையால் மறைத்துக்கொண்டு தட்டினேன்.

"என்ன மறைக்கிற?" என்றார் சார்ஜன்.

சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று: "சக்கரவர்த்தி சேகர்."

ஃபோட்டோகொப்பி எடுக்க வந்த டீச்சர் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கொன்ஸ்தாபல் என்னை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

பிறகு மிச்சப் பாதி அமெரிக்காவிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது, அதாவது நகர்ந்ததாகச் சொன்னார்கள். சார்ஜன் பிளேன்டீ குடித்தார், எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். பேப்பர் படித்தார். தூங்கி எழும்பினார். கோடு பாதியில் நின்றது. "சக்கரவர்த்தி, உங்க படை எங்க வருது?" என்று கொன்ஸ்தாபல் கேட்டான்.

இதற்குள் நாங்கள் வந்த பஸ் திரும்பித் தோட்டத்துக்குப் போயிருந்தது. மத்தியானக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சேதி விழுந்திருக்கிறது: சேகரு பேக்குல குண்டோட புடிபட்டான். தோட்டத்துப் பையன் பிடிபட்டால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தொழிற்சங்கத் தலைவர் வெள்ளைச் சட்டை போடுவார், லயத்து ஆட்கள் லொறி பிடிப்பார்கள். கொழுந்துக் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ரவி அண்ணனின் கடை வாசலில் ஒரு முழு லயம் வந்து நின்றது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சேர், இந்தப் பையனை எனக்கு பொறந்ததுலேர்ந்து தெரியும். இவனுக்கு குண்டு செய்யிற அளவுக்கு மூளை கெடையாது. தோட்டத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க."

கூட்டம் ஒரே குரலில், "ஆமாங்க" என்றது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பயத்தில் அவளுக்குத் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. "வல்லா, சேர், வல்லா!" என்று தலையில் அடித்து அரபியில் சத்தியம் செய்தாள். சார்ஜன் மெதுவாகப் பெட்டியிலிருந்த அரபி விலைச்சீட்டைப் பார்த்தார். நான் அக்காவின் காலை மிதித்தேன்.

அந்த நேரத்தில் பச்சைக் கோடு முடிந்தது.

எல்லாரும் திரையை நெருங்கினார்கள். எக்காளம் முழங்கியது. தாடி ராஜா வந்தார். படையைத் திரட்டி, முதல் போருக்குப் போனேன். நான் விடுதலையாவதற்கு அது விளையாட்டாக இருந்தால் போதும், நல்ல விளையாட்டாக இருக்கத் தேவையில்லை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும், இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று குதிரைகளை அழகாக வரிசைப்படுத்தினேன்.

என் குதிரைப்படை பாலத்தில் ஏறியது. ஏறி, அங்கேயே நின்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டது. ஒரு குதிரையின் பின்பாதி பாறைக்குள் இருந்தது. எதிரிப் படை கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. நான் அம்பு விட்டேன். அவர்கள் திரும்பவில்லை. சாகவும் இல்லை. எதிரி ராஜா கோட்டையிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து போய் ஆற்றுக்குள் மறைந்தார். 'வெற்றி' என்று திரையில் எழுத்து வந்தது.

எல்லாரும் திரையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல் பாகம் ரொம்ப நல்லா இருக்கும், சேர்" என்றேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

சார்ஜன் திரையைப் பார்த்தார். வாசலில் நிற்கும் லயத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைத் தலைவர், அழுத முகத்தோடு அக்கா, தூங்கி விழுகிற கொன்ஸ்தாபல், காலையிலிருந்து போன தன் நாள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டார்:

"மேக்கட்டத?"

இதுக்கா, என்று அர்த்தம்.

பிறகு என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். "இந்தப் படையை வச்சு ஹட்டன் மார்க்கெட்டைக்கூட உன்னால பிடிக்க முடியாது. வீட்டுக்குப் போ. இனிமே இதை ஒரு ஒழுங்கான பையில கொண்டு வா." சொல்லிவிட்டுப் போகும்போது, கதவருகில் நின்று இன்னொரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினார்.

லொறியில் திரும்பி வரும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. நோர்வூட் தாண்டியதும் அக்கா மட்டும் மெதுவாக, "அரை நாள் லீவு கேட்டு, வெயில்ல நடந்து போயி வாங்குனேன்டா" என்றாள். மறுநாள் அவளுக்கு விளையாடிக் காட்டி மனசை ஆற்றலாம் என்று கம்பியூட்டரைப் போட்டேன். இன்டர்நெட்டில் இணை என்று மறுபடி கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்குமாம். என் இரண்டாம் பாகம் ஹட்டனில் ஆடிய அந்த ஒரு போரோடு முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைப் புதிதாக வாங்கினாலும் முதலில் விழுகிற சொல் சார்ஜன் கேட்ட அந்த ஒரு சொல்தான். புது டிவி வந்தபோது அம்மா சொன்னார். சித்தப்பா பல்செட் கட்டி வந்தபோது சித்தி சொன்னார். சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த ஒன்றைச் சுத்தமாகச் சொல்வார்கள்.

எனக்குக் கந்தப்பளையில் பெண் பார்க்கப் போனபோது, பேச்சு இல்லாமல் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா இந்தக் கதையை எடுத்துவிட்டாள். குதிரையின் பின்பாதி வரைக்கும் நடித்தே காட்டினாள். பெண் வீட்டார் சிரித்தார்களா, பயந்தார்களா என்று சொல்ல முடியவில்லை. அதுவரை தலை குனிந்து நின்ற பெண்ணிடம் அவளுடைய அப்பா, "மாப்பிள்ளைய நல்லா பாத்துக்கம்மா, பிறகு பாக்கலேன்னு சொல்லக்கூடாது" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். வாடகை வேனில் வந்து இறங்கிய எங்கள் கூட்டத்தையும், தாம்பாளத்துப் பழங்களையும், கடன் வாங்கிய கோட்டுக்குள் இருந்த என்னையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"மேக்கட்டத?" என்றாள்.

அதற்குப் பிறகு சம்மதமா என்று யாரும் அவளைத் தனியாகக் கேட்கவில்லை; நேரே நாள் பார்த்தார்கள்.