தங்கள் மலர்வளையம் கிடைத்தது

கிள்ளான்,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் தம்புசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை புனிதாவின் கணவன் பரமேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், புனிதா, மகள் ஷாமினி மூவரும் நலம். வழக்கமாக இந்த வரியை எல்லாரும் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். இம்முறை தயவுசெய்து நின்று படிக்கவும். மூவரில் நானும் சேர்த்தி. தாங்கள் எனக்காக அனுப்பிய மலர்வளையம் கிடைத்தது, மிக்க நன்றி. அளவு கொஞ்சம் சிறியதுதான். பரவாயில்லை, அவசரத்தில் கிடைத்ததைத்தானே அனுப்ப முடியும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பார்த்தேன். "யாரோ அங்கிள் போனை வச்சிக்கிட்டு வெளையாடுறாங்க லா, பாவம்" என்று பதில் வந்தது. அதனால்தான் கைப்பட எழுதுகிறேன். செத்தவன் இத்தனை பக்கம் எழுத மாட்டான் என்பதைத் தங்கள் ஊர் தெலுக் பங்லிமா காராங்கிலும் ஒத்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஒன்பதாம் மாடி வீட்டை லோகன் என்பவனுக்கு வாடகைக்கு விட்டீர்களே, அவனை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும். அவன் சவ வண்டி ஓட்டுகிறவன் என்பது தங்களுக்குத் தெரியுமா? அந்த வண்டியைக் கொண்டுவந்து என் காருக்கு நேர் எதிரே நிறுத்துகிறான். சவம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், சரி. ஆனால் காலி வண்டி சும்மா நின்றால் என்ன சகுனம்? அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. கோயில் ஐயரைக் கேட்டேன், பூசைக்கு நேரமாச்சு என்று உள்ளே போய்விட்டார். நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பிப் போனால் நல்லது. நின்றிருந்தால் மேலே திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். இப்படி ஏறி இறங்கியே பிரிக்பீல்ட்ஸ் கண் டாக்டரிடம் போக வேண்டிய கொமுட்டர் ரயிலை மூன்று முறை விட்டுவிட்டேன். என் கண்ணில் புரை வளர்கிறது என்றால் அதற்கு லோகன்தான் பொறுப்பு.

இதற்கிடையில் ஷாமினிக்குப் பள்ளியில் ஓர் ஆங்கில நாவல் பாடமாக வைத்திருக்கிறார்கள். பதினாறு வயசுப் பிள்ளை, உள்ளே காதல் கீதல் இருந்தால் என்ன செய்வது என்று முதலில் நானே படித்துப் பார்த்தேன். காதல் இல்லை. ஏதோ ஒரு குளிர் தேசம், அங்கே ஒற்றைக் கண்ணோடு ஒரு கடிகாரக்காரன். அவன் பார்த்தால் ஆகாது என்று ஊரே ஒதுக்கிவைக்கிறது. கதை சொல்லும் சின்னப் பெண்ணும் மற்றவர்களோடு சேர்ந்து அவன் வீட்டுக் கண்ணாடியில் கல் எறிகிறாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புத்தி வருகிறது, ஆனால் ஊருக்குக் கடைசி வரை வரவில்லை. மச்சான், நான் சோபாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். புனிதா ஓடிவந்து, "என்னாங்க, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள். "இப்படியும் ஒரு ஊரா! ஒருத்தனாச்சும் அந்த மனுசனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சானா?" என்று ஷாமினியிடம் கத்தினேன். கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லோகனை வெளியேற்றச் சொல்லி நான் எழுதிய மகஜரை இருபது பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்ப்பதே அப்படித்தான்.

போன வியாழக்கிழமை அந்த மகஜரை எங்கள் மாடி அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போனேன். நல்ல இடமெல்லாம் தண்ணீர்த் தடை அறிவிப்புக்குப் போய்விட்டதால், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உச்சியில் ஒட்ட வேண்டியதாயிற்று. ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், கணுக்கால் மூன்றாவது பக்கம் திரும்பிக்கொண்டது. லிஃப்ட் வழக்கம்போல் ரோசாக், ஓடவில்லை. புனிதா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் ஒன்பது மாடியில் ஒரே ஒரு கதவுதான் திறந்தது. தங்கள் வீட்டுக் கதவு!

லோகன் கீழே ஓடிப் போய், வண்டியில் இருந்த ஸ்ட்ரெச்சரோடும் வாசல் செக்யூரிட்டி கார்டோடும் வந்தான். வேண்டாம் வேண்டாம் என்கிறேன், கேட்டால்தானே? "பயப்படாதீங்க அங்கிள், நான் இதுவரைக்கும் யாரையும் கீழ போட்டதில்ல" என்றான். போட்டிருந்தாலும் அவர்கள் எழுந்து புகார் செய்யவா போகிறார்கள்? கீழே போனால் கொட்டுகிறது மழை. நனையக் கூடாது என்று அவனிடம் இருந்த ஒரே துணியை எடுத்துத் தலையோடு கால் போர்த்திவிட்டான். வெள்ளைத் துணி. அந்த நேரம் பார்த்துத்தான் நம் பிளாக் ஜனம் முழுவதும் மழைக்கு ஒதுங்கிக் கீழே நின்றிருந்தது. நான் துணிக்குள்ளிருந்து "ஏய், நான்தான்யா!" என்று கத்தியது இடி சத்தத்தில் எடுபடவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் தாங்கள் மலர்வளையம் வாங்கிய கதை. நான் போய்ச் சேர்ந்ததாக யாரோ குழுவில் போட, அதற்கு வந்த அனுதாபச் செய்திகளைப் பிறகு படித்தேன். "நல்ல மனுசன், சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி." "இனிமே கார் பார்க்குல சண்டை இருக்காது." மகஜரில் ஏற்கெனவே முதல் கையெழுத்துப் போட்டவரே இதைப் போட்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருடமாகக் கிள்ளானில் கார் ஓட்டுகிறேன், ஒருவனும் எனக்கு வழி விட்டதில்லை. அன்று லோரிகூட ஒதுங்கி நின்றது. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் நெஞ்சில் கை வைத்தான். கிளினிக் வாசலில் வண்டியைப் பார்த்த பையன், "பாஸ், இங்க உசுரோட இருக்கறவங்க மட்டும் லா" என்று தடுத்தான். நான் எழுந்து உட்கார்ந்தேன். வரிசையில் இருந்த நால்வர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், எனக்கு உடனே நம்பர் வந்தது.

திரும்பி வரும்போது லோகன், என் கையில் நனைந்துபோன மகஜரை வாங்கி ஏர்கான் காற்றில் உலர்த்திக்கொண்டே ஓட்டினான். "அங்கிள், இதுல லோகநாதன்னு போட்டிருக்கீங்க. என் பேரு லோகன் மட்டும்தான்" என்றான். எவ்வளவு திமிர் பாருங்கள். ஒன்பது மாடியும் மறுபடி தூக்கிக்கொண்டு வந்து விட்டான். புனிதா கிரில் கதவு வழியாகப் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்தாள். பிணம் தொடுகிறவனை உள்ளே கூப்பிட முடியுமா? குடித்தான், கப்பைக் கீழே வைத்தான், "வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனான். பெற்றவர்கள் இதைக்கூடவா சொல்லிக் கொடுக்கவில்லை? இப்படிப்பட்டவனைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளையை எப்படி வளர்ப்பது?

பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறாள். அந்த நாவலைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குத்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். "நேரில் பார்த்தது போல் இருக்கிறது" என்று ஆசிரியை எழுதியிருக்கிறாராம். எனக்குத்தான் இன்னும் படிக்க நேரமில்லை. ஆகவே மச்சான், இந்த மாதக் கடைசிக்குள் லோகனைக் காலி செய்யச் சொல்லவும்.

தங்களுக்குச் சர்க்கரை இறங்கவும், அக்காவுக்கு முழங்கால் வலி குறையவும் கிள்ளானிலுள்ள எல்லாக் கோயிலிலும் வேண்டிக்கொள்கிறேன். ஒற்றைக் காலில் நின்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
(உயிருடன்) பரமேஸ்வரன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் ஷாமினியின் கட்டுரையைப் படித்தேன். 'கதையில் வளராதவர் யார்?' என்பதுதான் கேள்வியாம். அவள் பதிலில் குளிர் தேசமும் இல்லை, கடிகாரக்காரனும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் ஒருவர் நிற்கிறார். கதையைப் படித்து அழுதவரும் அவரேதான்.

"அந்த அண்ணே ஏன் வரேன்னு சொல்லலன்னு நான் கேட்டேன்பா" என்றாள் ஷாமினி. அவன் சொன்னானாம்: "சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்ல முடியுமா தங்கச்சி? பதினோரு வருசமா சொல்லாம இருந்து இருந்து, இப்ப வாயில வர மாட்டேங்குது. என்கிட்டயும் யாரும் போயிட்டு வான்னு சொல்றதில்ல."

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சான். மகஜரைக் கிழித்துவிட்டேன். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து எழுதக் கை வலிக்கிறது, அதனால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். வீட்டை அவனுக்கே இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை அவனுக்கு உங்கள் பக்கம் வேலை இருக்கிறது. கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். வாசலில் சவ வண்டி நின்றால் அக்கா பதற வேண்டாம், இங்கு எல்லாரும் நலம்.

அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். தண்ணீரைச் சில்வர் டம்ளரில் கொடுங்கள். கிளம்பும்போது அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். நீங்கள் வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாப்பா" என்று சொல்லுங்கள்.