சிலுப்பாத செவலை

அன்று சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவின் மதியப் பூசையில் சாமி முன்னால் நின்றவர்கள்: சாமியாடி, மதர்போர்டு அண்ணாச்சியின் அம்மா, கயிற்றைப் பிடித்தபடி நான், கயிற்றின் மறுமுனையில் செவலை என்கிற கிடா. வராதவர், அந்தச் செவலையை வளர்த்த மதர்போர்டு அண்ணாச்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் இவரைப்போல ஒரு பிடிவாதக்காரர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் இவரிடம் வந்துதான் டியூஷன் படிக்க வேண்டும்.

தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதைக் கொண்டுபோனாலும், திறந்து பார்ப்பதற்கு முன்பே "மதர்போர்டு போச்சு" என்பார். அதனால் அந்தப் பெயர். பேரம் பேசாமல் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. டீக்கடையில் போய், "சீனி போடாத டீக்கு எதுக்குவே முழு ரேட்டு?" என்று மல்லுக்கு நிற்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். டிகிரி முடித்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததும், மகன் பெரிய பெரிய புரோகிராம் எழுதப்போகிறான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குக் கிடைத்த முதல் புராஜெக்ட் ஆடு.

கடை நன்றாக ஓடினால் கிடா வெட்டுவதாக அண்ணாச்சியின் அம்மா மாடனுக்கு நேர்ந்திருந்தார். கடை ஓடியது. குட்டியாக வாங்கிய செவலை, பக்கத்தில் குத்துக்கல்வலசையில் இருக்கிற வீட்டில் அண்ணாச்சியின் கட்டிலுக்கடியில் படுத்தே வளர்ந்தது. கொடைக்கு நாள் குறித்ததும் அண்ணாச்சி அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"சாமி காரியம்லே. வெளையாடாத" என்றார் அம்மா.

அண்ணாச்சி விளையாட உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வேட்டைக்காரன் காடு காடாக அலைவான். துணைக்கு ஒரு ஓநாய் கூடவே வரும்.

"அந்த ஓநாயத் தூக்கிட்டு நம்ம செவலைய வைக்கணும்லே. இங்கன இல்லாட்டாலும் அங்கன கெடக்கட்டும்."

இப்படி மாற்றுவதற்கு மோடு என்று பெயர். ரெடிமேட் சட்டையைப் பிரித்து நம் உடம்புக்குத் தைத்துக்கொள்கிற மாதிரி. செவலையைக் கடைக்குக் கூட்டிவந்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தோம். அது இரண்டு மவுஸ் வயரைத் தின்றது. முதல் தடவை ஓநாய் உடம்பின்மேல் அந்தப் படத்தைப் போர்த்தியபோது கண் இரண்டும் பின்புறத்தில் போய் உட்கார்ந்தன. சரிசெய்தால், ஆடு ஓநாய்க் குரலில் ஊளையிட்டது. நிஜக் குரலைப் பதிவு செய்யலாம் என்று மைக்கை நீட்டினால் செவலை வாயைத் திறக்கவில்லை. வாழைப்பழத் தோலைக் காட்டிக் காட்டி மறைத்த பிறகுதான் ஒரு "மே" கிடைத்தது. கடைசியில் செவலை திரையில் ஓடியது. ஓடிப்போய் ஒரு மானின் குரல்வளையைக் கவ்வியது.

"அண்ணாச்சி, ஆடு மானைக் கடிக்குது."

"கடிக்கட்டும்லே. அவன் சின்னதுலயே கொஞ்சம் முரடன்தான்."

அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். திரையில் செவலை ஆற்றைக் கடந்து கரையேறி, விளையாட்டில் ஓநாய்க்கு எழுதியிருந்தபடி, தலைமுதல் வால்வரை உடம்பைச் சிலுப்பியது. அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாடா! உத்தரவு கொடுத்திட்டியாய்யா!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெட்டுவதற்கு முன் கிடாமேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதுவரை அரிவாளைத் தொடமாட்டார்கள்.

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. "இங்கனயாவது அவன் சிலுப்பக் கூடாதுலே" என்றார். அந்த அசைவை மட்டும் அழித்தோம். ஆடு ஆற்றங்கரையில் சிலையாக நின்று, மேலே நகர மறுத்தது. அந்த இடத்தில் வேறு அசைவு வைக்க வேண்டும். அதற்கு, நனைந்த ஆடு சிலுப்பாமல் எப்படி நிற்கும் என்று பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்க்கிற வரை விடுவதில்லை என்று அண்ணாச்சி கிளம்பினார். தினமும் விடிந்ததும் எக்செல் மொபெட்டில் முன்னால் செவலை, பின்னால் நான். சாரலில் நனைந்துகொண்டே குற்றாலம் போய், அருவித் தண்ணீர் ஓடிவருகிற ஆற்றோரம் நிறுத்தி, அண்ணாச்சி வாளி வாளியாக ஊற்றுவார். செவலை சிலுப்பும். என் போனெல்லாம் தண்ணீர். "மறுபடி எடுலே" என்று அடுத்த வாளியை ஊற்றுவார். கொடைக்கு முந்தின வாரம் அது சிலுப்புவதை விட்டுவிட்டது. வீடியோ கிடைத்தது.

கொடையன்று, "என்னால பாக்க முடியாது, நீ கூட்டிட்டுப் போ" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டார்.

சாமியாடி மஞ்சள்தண்ணீர் தெளித்தார். செவலை நின்றது. செம்போடு ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டது. குடத்தோடு கவிழ்த்தார். சீசனுக்கு வந்த ஆள் அருவியில் திரும்பி நிற்கிற மாதிரி மறுபக்கத்தைக் காட்டியது.

அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன குத்தம் செஞ்சோமோ!"

"குத்தம் ஒண்ணுமில்ல தாயி" என்றார் சாமியாடி. "இத விட்டுரச் சொல்லுதான் மாடன். பதிலுக்கு ரெண்டு சேவல் கொண்டாங்க."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"சிலுப்புச்சாலே?"

"இல்லண்ணாச்சி. குடத்தோட ஊத்தியும் நிக்குது. விட்டுரச் சொல்லிட்டாவ."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு, "இங்கன திரையிலயும் சிலுப்பாம நின்னுட்டுலே. இப்பத்தான்" என்றார்.

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் தினமும் தண்ணீர் ஊற்றினாரா என்று இன்றைக்கும் கேட்கிறேன். "அந்தப் பிரிண்டரப் பாருலே" என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று சேவல் வாங்க அவரோடு நானும் போனேன் என்பதுதான். சேவல்காரர் பேரத்துக்குத் தயாராக, விலையைக் கூட்டித்தான் சொன்னார். அண்ணாச்சி ஒரு பேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார், முழுசாக ஆயிரத்து நானூறு ரூபாய்.