மதிவாணன் மாட்டிய கேபிள்

பக்கத்து வீட்டு ஐயாசாமியின் பழைய சிவப்பு மினி கார் தன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று மதிவாணன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். ஜோகூர் பாருவை அடுத்த பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே எல்லாரும் அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். வீட்டில் அவர் காத்திருப்பார்.

ஏற்கெனவே வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய ஆமைக் கார் நின்றது. ஆமை ஓடு மாதிரி கூரை, முன்னால் சாமான் வைக்கும் பூட்டு, பின்னால் இஞ்சின். அதை வாங்கியபோதே மனைவி யோகேஸ்வரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு கிழட்டுக் கார் வேண்டும் என்று நேராகக் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. வீட்டுக்குள் ஆமாம், வெளியே ஆமை. இதுதான் மதிவாணன்.

ஆகவே திட்டம் தீட்டினார். ஆமைக் காரின் கிளட்ச், கேபிளில் வேலை செய்வது. நல்ல கேபிளைக் கழற்றிவிட்டு, ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கேபிளை மாட்டினார். ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். சுவரைக் காலால் தள்ளுவது போலிருந்தது. பரம திருப்தி.

காய்கறி வாங்க அந்தக் காரில் பாசாருக்குப் போன யோகேஸ்வரி நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

“என்னங்க, கிளட்ச் இரும்பாட்டம் இருக்கு. முட்டி கழண்டுடுச்சு.”

“கேபிள் கிளட்ச் அப்படித்தான் யோகா. சைக்கிள் பிரேக் மாதிரி வெறும் கம்பி. இழுக்கிற வேலை பூரா உன் காலுக்குத்தான்.”

“நேத்து நல்லாத்தானே இழுத்துச்சு?”

“கம்பிக்கும் வயசாகும்ல. இதுவே ஹைட்ராலிக்னா எண்ணெய் தள்ளிடும். நீ சும்மா காலை வெச்சா போதும். பஞ்சு மாதிரி இறங்கும்.”

“எண்ணெய் ஒழுகினா?”

“ஒழுகாது லா.”

“காத்து புகுந்தா?”

மதிவாணனுக்குத் திக்கென்றது. இந்தக் கேள்வி இவளுக்கு எங்கிருந்து வந்தது?

“எப்பவாச்சும் புகும். எடுத்துடலாம்.”

“அந்த மாதிரி கிளட்ச் எந்தக் காருல இருக்கு?”

“ஐயாசாமி அண்ணன் வீட்டு மினியில இருக்கு. உன் முட்டிக்காகத்தான் சொல்றேன். எனக்கு என்ன ஆசை?”

“அப்ப வாங்கிடுங்க.”

மதிவாணன் அசந்துபோனார். அடுத்துச் சொல்வதற்கு ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தார். நடுவில் குரல் தழுதழுக்கும் இடம்கூட இருந்தது. அத்தனையும் வீண்.

மினி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் நண்பர்கள் எல்லாரும் பெக்கான் நானாசுக்கு ஊர்வலமாகப் போய் அன்னாசி தின்பதாக ஏற்பாடு. முதல் வண்டியாக மினியில் போக மதிவாணன் ஒரு தொப்பிகூட வாங்கியிருந்தார். ஆனால் அன்று விடியும்போது கிளட்ச் பெடல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. எண்ணெய் ஒழுகியிருந்தது. ரப்பரை மாற்றினார். அடுத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. யோகேஸ்வரி சீட்டில் உட்கார்ந்தாள். மதிவாணன் தலையைப் பானட்டுக்குள் விட்டார்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“அப்படியே புடி. இப்ப விடு. மறுபடி மிதி. நல்லா மிதி யோகா, ஏன் தயங்குறே?”

பக்கத்து வீட்டிலிருந்து ஐயாசாமி பதறிக்கொண்டு ஓடி வந்தார். மிதி வாங்குவது மதிவாணன் இல்லை, கிளட்ச்தான் என்று தெரிந்ததும் அங்கேயே நின்று மூச்சு வாங்கினார்.

கடைசிக் குமிழி வெளியேறும்போது எண்ணெய் மதிவாணன் மூக்கில் பீய்ச்சியது.

“பஞ்சு மாதிரி இருக்குங்க,” என்றாள் யோகேஸ்வரி. “போய் முகத்தைக் கழுவுங்க. இந்த எண்ணெய் தோலை அரிக்கும்.”

என்ன அக்கறை என்று உருகியபடியே போனார். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது மினி உறுமுவது கேட்டது. நுரை முகத்தோடு ஓடி வந்தார். யோகேஸ்வரி வாசல் கேட் அருகே காரில் இருந்தாள். தலையில் அவருடைய தொப்பி. பக்கத்தில் ஐயாசாமி.

“யோகா, நான்தானே ஓட்டுறதா...”

“உங்களுக்குத்தான் ஆசையே இல்லையே. ஆமைக் காரை எடுத்துட்டுப் பின்னாலேயே வாங்க.”

கேபிளை மாற்ற நேரமில்லை. ஜோகூர் பாருவில் ஒரு சிவப்பு விளக்குகூட மதிவாணனை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் சுவரைத் தள்ளினார். பாதி வழியிலேயே இடது கால் தனியாக அழ ஆரம்பித்தது.

பெக்கான் நானாசுக்கு அவர் நொண்டிக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது, யோகேஸ்வரி மினியைச் சுற்றிச் சுற்றி ஓடி எல்லாரும் படம் எடுக்கப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். நொண்டல் போன இடம் தெரியவில்லை.

ஐயாசாமி ஒரு துண்டு அன்னாசியை நீட்டினார். “ஒரு வழியா வாங்கிட்டீங்க தம்பி. யோகேஸ்வரி தீபாவளிக்கு முன்னாடியே வந்து மினியைக் கேட்டுச்சு. ‘அவருக்கும் ஆசைதான் அண்ணே, வாயைத் திறக்கப் பயம். எப்படியும் ஏதாச்சும் திட்டம் போட்டுக்கிட்டு வருவாரு. அதுவரைக்கும் யாருக்கும் வித்துடாதீங்க’ன்னுச்சு. காத்து புகுற கதையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

மதிவாணன் மென்றுகொண்டே மனைவியைப் பார்த்தார். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பக்கத்தில் போனார்.

“யோகா, திரும்பும்போதாவது மினியை நான் ஓட்டட்டுமா?”

“தாராளமா ஓட்டலாமே,” என்றாள் யோகேஸ்வரி. “ஆனா வாங்கின அன்னாசி அத்தனையும் ஆமைக் காருல ஏத்தியாச்சு. அதை யாரு ஓட்டுறது?”