கொட்டகைக்கு வந்த டீவி

உப்பளக் கொட்டகையில் டீவி இரண்டாவது நாளாக இரைந்துகொண்டிருந்தது. படம் மட்டும் வரவில்லை.

"ஏம்பா சகாதேவா, வீட்ல நல்லாத்தானே தெரியுது?" என்றார் முதலாளி சிவஞானம்.

"வீட்ல மெட்ராஸ் ஸ்டேஷன், இங்க பாண்டிச்சேரி ஸ்டேஷன் மொதலாளி. எடத்துக்கு ஏத்த மாதிரி ஸ்டேஷன் திருகை மாத்தணும். மாத்தித்தான் வெச்சேன்," என்றான் மேஸ்திரி சகாதேவன்.

கூனிமேட்டு நிஜாமுதீன் சவுதியிலிருந்து கொண்டுவந்து விற்ற, பேட்டரியிலும் ஓடுகிற சின்ன டீவி அது. கிரிக்கெட் நடக்கிற நாட்களில் காலையில் உப்பளத்துக்கும், மாலையில் முதலாளியம்மா ஜெயாவுக்காக மரக்காணத்து வீட்டுக்கும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது சகாதேவனின் வேலை.

மறுநாள் ஜெயாவிடம் நகப்பாலிஷ் வாங்கித் திருகில் இரண்டு கோடு போட்டான். மேலே வீடு, கீழே உப்பளம். கொட்டகையில் டீவியின் ஆண்டெனாவை இழுத்து நிறுத்தி, திருகைக் கீழ்க் கோட்டுக்குத் திருப்பினான். படம் பளிச்சென்று விழுந்தது. முதலாளியின் கார் ரோட்டில் நிற்கவே, அழைத்துவர வரப்பில் ஓடினான். இருவரும் வந்து பார்த்தால் திரை முழுக்கப் புள்ளி.

கோடுதான் தப்பு என்று இரண்டையும் சுரண்டி எடுத்தான். அன்று மாலை வீட்டிலும் மெட்ராஸ் அகப்படவில்லை.

"என் நாடகம் போச்சு," என்றாள் ஜெயா.

"நாளைக்கும் படம் வரலைன்னா வேற மேஸ்திரியப் பாத்துக்கறேன்," என்றார் சிவஞானம்.

மறுநாள் சகாதேவன் திருகை மெல்லத் திருப்பிப் படத்தைப் பிடித்தான். அன்றும் முதலாளியை அழைத்துவருவதற்குள் படம் போயிருந்தது. டீவிக்குப் பேட்டரி பத்தவில்லை என்று முடிவுகட்டி, காரின் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினான். அப்போதும் புள்ளிதான். புள்ளியைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் போனது. மேட்ச் முடிந்தது, பேட்டரியும் முடிந்தது. உப்பளத்து ஆட்கள் எட்டுப் பேர் ரோட்டோரச் சேற்றில் இறங்கிக் காரைத் தள்ளினார்கள்.

கிளம்புகிற காரிலிருந்து சிவஞானம் தலையை நீட்டினார். "இனிமே மேட்ச் அன்னிக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன். உப்பள வேலைய நீயே பாத்துக்க."

வேலை தப்பித்தது. ஆனாலும் ஒரு திருகு தன்னை ஏமாற்றிவிட்டதே என்று சகாதேவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

கார் தள்ளியவர்களில் ஒருத்தியான குப்பம்மாள், கைச்சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மனசு ஒடிஞ்சிடாத மேஸ்திரி. படம் தெரிஞ்சா மொதலாளி சாயந்தரம் வரைக்கும் எங்க தலைமேலயே ஒக்காந்துக்கறாரு, அதான் நீ அவரக் கூட்டியாரப் போறப்பல்லாம் ஆண்டெனாவ நாந்தான் திருப்பி வெச்சேன்."