கடைசி வரியில் வைத்த உண்மை

சொந்த அம்மாவின் வயிற்றில் ஒரே வரியில் நெருப்பைக் கட்ட முடியுமா? முடியும். நான் கட்டியிருக்கிறேன், அதுவும் கோட்டு போட்டுக்கொண்டு.

மக்கள் தொடர்புத் துறையில் தொழில்முறை அங்கீகாரம் வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். (டிகிரி கையில இருக்கு, இதுவும் வந்துட்டா கொழும்புல வேலைன்னு ஒரு மெதப்பு.) கடைசிப் பயிற்சி இதுதான்: கற்பனையான ஒரு நெருக்கடியை நிஜமான கூட்டத்தின் முன் அறிவித்து, வெட்டாத வீடியோவை அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். ஆன்லைனில் சொல்லிக்கொடுத்த சார் ஒரே விதியைத் திரும்பத் திரும்ப ஓதியிருந்தார்: முக்கியமான செய்தி முதல் வரியில், விளக்கமெல்லாம் கடைசியில்.

கூட்டத்துக்கு எங்கே போவது? நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தில் தினமும் காலையில் ஓசியிலேயே ஒரு கூட்டம் கூடும். பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு. அப்பா அங்கே கங்காணி. "எங்க புள்ள ரெண்டு நிமிசம் பேசும், கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். போனைக் கொழுந்துத் தராசில் சாய்த்து வைத்தேன். கழுத்தில் அடையாள அட்டை. (லைப்ரரி கார்டுதான், யாரு பாக்கப் போறா?)

"நமது தேயிலைத் தொழிற்சாலை நாளை முதல் மூடப்படுகிறது."

ஒரு சத்தம் இல்லை. (செம, கவனிக்கிறாங்க.) உற்சாகமாக இரண்டாவது வரிக்குப் போனேன். அம்மாவோடு கொழுந்து எடுக்கும் சரசு அக்கா, கூடையை இறக்கித் தரையில் வைத்தார்.

"போன மாசம் மெசின கழட்டுனப்பவே சொன்னேன்ல" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

அடுத்த கூடை இறங்கியது. அதற்கடுத்தது. யாரும் கத்தவில்லை. நிஜமா என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் என்னை உறைய வைத்தது. இந்த ஒரு வரிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் மாதிரி எல்லோரும் ஆபிஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

"அம்மா, நில்லும்மா, இன்னும் முடியல."

"இதுக்குத்தான் ஒன்ன படிக்க வச்சோமா? ஆபிசுக்காரங்க சொல்லக் கூசுனத ஒன் வாயால சொல்ல வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவும் போய்விட்டார்.

புது ஹீல்ஸோடு சரிவில் விழுந்து எழுந்து பின்னால் ஓடினேன். தோட்டத்து மேனேஜரான துரை ஆபிஸ் வாசலில் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் முகம் வெளுத்துப்போய் போனில் கொழும்புத் தலைமை ஆபிஸைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடுறாங்களா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று கூட்டத்தையே கேட்டார்.

காகிதத்தைப் பிரித்து, மிச்சமிருந்த கடைசி வரியை வாசித்தேன்.

"இந்த அறிவிப்பு பயிற்சிக்காக மட்டுமே. மிக்க நன்றி."

சரசு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இத மொதல்ல சொல்ல மாட்டியா புள்ள?"

"முக்கியமானதத்தான் மொதல்ல சொல்லணும்னு சார் சொன்னாருக்கா."

"அப்ப பொய்யிங்கிறது முக்கியமில்லையா?"

அப்பா, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டார். நான் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வேறு வழியில்லாமல் அந்த வீடியோவையே அனுப்பினேன். பாதிக்கு மேல் அதில் இருப்பது கூடைகளும் ஒரு நாயும்தான்.

அன்றிலிருந்து சோறு வெந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட அம்மா, "கடைசி வரிய மொதல்ல சொல்லு" என்கிறார். வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயமே சிரிக்கிறது.

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். கடிதத்தை முழுசாக இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.