எழுபது கிலோ மரங்கொத்தி

மரங்கொத்தியை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. இதை வேலைக்கு மனு போட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில், "மரங்கொத்தியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டார்கள். "மரத்தைக் கொத்தும் சார்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். என் நகைச்சுவை உணர்வுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள் என்று இன்றுவரை சந்தேகம். நான் சீரியஸாகத்தான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். நான் ராயபுரத்துப் பெண், பெயர் பிலோமினா, விலங்கியலில் புதுப் பட்டதாரி. எங்கள் தெருவில் முதல் பெண் பட்டதாரி என்பதால் தலை கொஞ்சம் கனமாகவே இருந்தது. எண்ணூர் வரைக்கும் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கடற்கரைப் பக்கத்தில் அருகிப்போய்விட்ட மஞ்சள் நெற்றி மரங்கொத்திக்கு இன்னும் வாழ இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஆய்வு. அதில் தற்காலிக உதவியாளர் நான். எனக்கு மேலே வேதாசலம் சார்.

வேதாசலம் சாருக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று அவருடைய குலதெய்வம். இன்னொன்று கம்ப்யூட்டர். நகரத்தின் தென்கோடியில், கண்ணாடி அறைக்குள், நமக்கெல்லாம் கிடைக்காத குளிர்ச்சியில் அது வாசம் செய்தது. வரைபடம் போடுகிற புரோகிராம் ஒன்று (இன்றைக்கு மென்பொருள் என்கிறோம்) அதில் வந்திருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதை அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் அகலமான தாளில் வரைபடம் அச்சாகி வரும். பறவைக்கு ஆகாத இடம் என்றால் வெறும் புள்ளி. நல்ல இடம் என்றால் எழுத்தின் மேல் எழுத்தாக அடித்துக் கன்னங்கரேல் என்று கட்டம்.

படிவத்தில் நிறையக் கேள்விகள். முக்கியமானவை மூன்று. பட்ட மரங்கள் எத்தனை? ஆள் நடமாட்டம் உண்டா? கொத்தும் ஓசை கேட்டதா?

எர்ணாவூர், காத்திவாக்கம் எல்லாம் வெயிலில் நடந்து நேர்மையாகத்தான் எழுதினேன். செருப்பு இரண்டு ஜோடி போயிற்று. ஒரு பறவையும் இல்லை. கடைசியாக மிஞ்சியது எங்கள் ராயபுரத்துக் கட்டம். நம்ம ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டு, நாளை கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணிப் பூசைக்குப் போகிற வழியில், வெள்ளைச் சேலையோடு, படகு கட்டும் இடத்தின் சுவருக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் முடித்தேன்.

அது என் நைனா வேலை செய்கிற இடம். விசைப்படகு கட்டும் தச்சர் அவர். சுவரின் இடிந்த பகுதி வழியாகப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு பூவரச மரங்கள். மற்றபடி படகு கட்ட வாங்கி அடுக்கிய மரங்கள். பட்ட மரங்கள்தானே? (உயிரோடு இருப்பதாக யாரும் சொல்ல முடியாது.) 'நாற்பதுக்கு மேல்' என்று எழுதினேன். ஆள் நடமாட்டம்? ஒரு ஈ காக்கை இல்லை. 'அறவே இல்லை' என்று எழுதினேன்.

அப்போதுதான் கேட்டது. டக், டக், டக். நிறுத்தி, மறுபடி டக் டக் டக்.

என் மூளை வேலை செய்த விதத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது எங்கள் வீட்டில் பாவம். நைனா ஐந்தரை மணிப் பூசைக்குப் போயிருக்கிறார். பூசை முடிந்து கோயில் கமிட்டி வேலையெல்லாம் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் திரும்புவார். மற்றத் தச்சர்களும் கோயிலில். ஆக, உள்ளே மனிதர் யாரும் இருக்க முடியாது. மனிதர் இல்லையென்றால்?

'கொத்தும் ஓசை: மிகத் தெளிவாகக் கேட்டது, காலை ஏழே முக்கால்' என்று எழுதிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து வேதாசலம் சார் அந்த அகலத் தாளை மேஜைமேல் விரித்தார். எண்ணூர் வரை புள்ளி, புள்ளி, புள்ளி. அடியில், ராயபுரத்தில் மட்டும் ஒரே ஒரு கட்டம், மை கொட்டியது மாதிரி கறுப்பு.

"பாத்தியாம்மா! துறைமுகத்துப் பக்கத்துல! யாராவது நெனச்சிருப்போமா? கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு!"

அது எங்கள் நைனா வேலை செய்யும் இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போறேன்" என்றார். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். தவிர, பறவை அங்கே இருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். அதுதான் இதில் பெரிய வெட்கம்.

ஆய்வு என்றால் அதே சூழ்நிலையில் திரும்பப் பார்க்க வேண்டுமாம். எனவே அடுத்த ஞாயிறு, அதே நேரம், ஜீப்பில் வந்து இறங்கினோம். வேதாசலம் சார், நான், பைனாகுலரோடு வனத்துறை ரேஞ்சர் ஒருவர். ரேஞ்சர் அடுக்கிய மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதி கட்டிய பெரிய படகு ஒன்று முட்டுக் கொடுத்து நின்றிருந்தது. அதற்கு அந்தப்பக்கத்திலிருந்து ஓசை வந்துகொண்டிருந்தது. டக், டக், டக்.

"உக்காரு, உக்காரு, பயந்துடும்!" என்று சார் எங்களை மரக்கட்டைகளுக்குப் பின்னால் குந்த வைத்தார். இரண்டு மணி நேரம் குந்தினோம். கொசு மட்டும் எங்களை ஆய்வு செய்தது. சார் ஒவ்வொரு தட்டையும் நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ரேஞ்சர் காதைச் சாய்த்துக் கேட்டு மெல்லச் சொன்னார். "சார், இது மரங்கொத்தின்னா எடை ஒரு எழுபது கிலோ இருக்கணும்."

ஓசை நின்றது. கொஞ்ச நேரத்தில் படகுக்கு மேலே மெல்லிசாகப் புகை எழுந்தது.

"சார், பீடி குடிக்குது" என்றார் ரேஞ்சர்.

பின்னாலேயே ஒரு இருமல். இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், கடைசியில் ஒரு செருமல். அந்த இருமலை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன்.

"பறந்துடுச்சு சார்!" என்று எழுந்தேன். "நான் பாத்தேன் சார், கடல் பக்கமா போயிடுச்சு. வாங்க, போயிடலாம்."

சார் கேட்கவில்லை. படகைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அங்கே, பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, காதில் பென்சில், ஒரு கையில் உளி, மறு கையில் மரச்சுத்தியோடு என் நைனா உட்கார்ந்திருந்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து அடித்து அடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பீடி வாயிலிருந்து விழுந்தது.

"பிலோ! அம்மா அனுப்ச்சாளா?"

சார் என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இவர்?"

நிரந்தர வேலை, அந்தக் கறுப்புக் கட்டம், நேர்முகத் தேர்வில் சிரித்த மூன்று பேர் எல்லாம் ஒரே நொடியில் என் கண்முன் வந்து போயின.

"தெரியாது சார்" என்றேன்.

"உன் பேரைச் சொல்றாரே?"

"இந்தப் பக்கம் எல்லாருக்கும் எல்லார் பேரும் தெரியும் சார்."

"அம்மா அனுப்ச்சாளான்னு கேக்கறாரே?"

"யாருன்னே தெரியாது சார்."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, சாரிடம் பணிவாகச் சொன்னார். "ஆமா சார். வேற யாரோன்னு நென்சிகினேன். நம்ம பொண்ணு சாயலா கீது, அதான்."

நான் அவரைக் கைவிட்ட அதே நிமிடத்தில் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. அந்தச் சிரமத்தை எனக்கு வைக்காமல் அம்மா வந்து சேர்ந்தாள்.

எட்டு மணிப் பூசை முடிந்திருந்தது. சந்து முனையில் சர்க்கார் ஜீப் நிற்பதைப் பார்த்துப் பாதிக் கோயில் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. தலையில் முக்காடு, கையில் ஜெபமாலையோடு முன்னால் என் அம்மா ரீத்தம்மாள்.

"இன்னாடி இது? நைனாவும் பொண்ணும் சேந்துகினு பூசைய ஏமாத்திட்டு இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?"

ஒரே வாக்கியத்தில் எல்லாம் முடிந்தது. வேதாசலம் சார் நோட்டை மூடினார். ரேஞ்சர் பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அம்மா இப்போது நைனாவிடம் திரும்பினாள். "அஞ்சர பூசைக்குப் போறேன்னு போனியே, இத்தான் உன் பூசையா? எத்தினி நாளா நடக்குது இது?"

"அஞ்சாறு மாசமா" என்றார் நைனா தலையைக் குனிந்து. "புது ஃபாதரு பிரசங்கம் ஒரு மணி நேரம் போவுது ரீத்தா, பேஜாரா கீது. இந்த இடுக்கு அடைக்கிற வேலை, நாலு பேரு பேசிகினு இருந்தா கரீட்டா வராது. ஞாயித்துக்கெயமதான் இங்க நிம்மதியா கீது."

புது ஃபாதரும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் வேதாசலம் சார் என் படிவத்தை எடுத்து வைத்தார்.

"பட்ட மரம்னு எழுதியிருக்கே."

"பட்டதுதான் சார்."

"நடமாட்டம் அறவே இல்லைன்னு எழுதியிருக்கே."

"எல்லாரும் பூசையில இருந்தாங்க சார்."

"உங்க அப்பாவைத் தவிர" என்றார் சார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லாக் கட்டங்களையும் மறுபடி நடந்து பார்க்கச் சொன்னார். படிவமும் மாறியது. 'பட்ட மரங்கள் (வேரோடு நிற்பவை மட்டும்)' என்றும், 'ஓசை எழுப்பியதைக் கண்ணால் பார்த்தீர்களா?' என்றும் இரண்டு திருத்தங்கள். அறிவியலுக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான். புது வரைபடம் வந்தபோது அதில் கறுப்புக் கட்டம் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் புள்ளிகள். சார் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பழைய படம் நல்லா இருந்ததும்மா" என்றார். அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிரந்தர வேலையும் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராகிப் பறவைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாழ்ந்தேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நைனா முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாத. வேலை பூடும்னு சொன்னே. எனுக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு. அப்பன இல்லன்னு சொல்லசொல்லோ, இன்னும் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக் கத்துக்கோ."

வீடு அதை விடவில்லை. கல்யாணம், ஞானஸ்நானம், எந்த விசேஷமானாலும் யாராவது ஒருவர் நைனாவின் கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்து, "பிலோ, இவரு யாருன்னு தெரியுதா?" என்று கேட்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என் மாமனாரே கேட்டார். நான் கும்பிட்டுக்கொண்டு, "எங்க நைனாங்க" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

வருடங்கள் கழித்து நைனாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மூன்றாம் நாள்தான் கண் விழித்தார். ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் அவர் பக்கத்தில் குனிந்து ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்டார். அம்மாவைக் காட்டியதும், "ரீத்தா" என்றார். தம்பிகளின் பெயரைச் சொன்னார். கடைசியில் டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகச் சொன்னார்.

"யாருன்னே... தெரியாது சார்."

டாக்டர் கவலையோடு கேஸ் ஷீட்டில் என்னவோ எழுத ஆரம்பித்தார். சுற்றி நின்ற குடும்பம் முழுக்க ஏன் அழுதுகொண்டே சிரிக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.